புலமையும் போதனையும்: பல்கலைக்கழக ஆசிரியர்க்குப் பயிற்சி வேண்டுமா?

ஒரு கல்லூரி விழாக் கொண்டாடுங்கால் தன் பழைய மாணவரை எண்ணிப் பார்ப்பது இயல்பு. வைத்தியரானோர், பொறியியலாளரானோர், வணிகரானோர், அரசாங்க உத்தியோகத்தரானோர் என்று எண்ணி வருகையில், பல்கலைக்கழகங்களில் விரிவுரையாளராய் அமர்ந்தோரை நாம் தனிப் பெருமையோடு நினைவு கூருகின்றோம். தேயிலைத் தோட்டத்து லயத்து அறையிலே, சிறு விளக்கின் முன் அமர்ந்து படித்த பிள்ளையொன்று வளர்ந்து, பல்கலைக்கழக மண்டபத்திலே நின்று விரிவுரையாற்றுவது மலையகத்துக்குச் சிறிய செய்தியன்று. அப்பெருமைக்கு யாதொரு குறைவும் நேராவண்ணம் ஒரு வினாவை ஈண்டு எழுப்ப விரும்புகின்றோம். அவ்விரிவுரையாளர் தமது துறையைக் கற்றது எங்கே என்று எல்லோரும் அறிவர். அதனைக் கற்பிக்கக் கற்றது எங்கே?

இவ்வினாவை எழுப்ப நமக்கு உள்ள உரிமை யாது எனச் சிலர் கேட்கலாம். நாம் பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் பெற்ற ஒரு தமிழாசிரியர் மட்டுமே. ஆயினும், பயிற்சியின்றிக் கற்பித்ததன் பயனையும், பயிற்சி பெற்றபின் கற்பித்ததன் பயனையும் எமது வகுப்பறையிலேயே ஒப்பிட்டுக் கண்டிருக்கின்றோம். அந்த அனுபவமே இக்கட்டுரைக்கு முதல்.

நன்னூலார் கண்ட ஆசிரியர்

தமிழிலே ஆசிரியரின் தகுதியைப் பற்றிப் பேச வருவோர் நன்னூலை மறத்தல் இயலாது. பவணந்தி முனிவர் தமது நூலின் பொதுப்பாயிரத்திலே நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்னும் நான்கையும் உவமை கூறினார். ஆசிரியராகத் தகாதவர்க்கும் நான்கு உவமைகளை வைத்தார். அவை கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என்பனவாம்.

இப்பின்னைய நான்கையும் மாணாக்கர் சற்று ஊன்றி நோக்குதல் வேண்டும். கழற்குடம் என்பது கழற்சிக்காய் இட்டு நிரப்பிய குடம். அதைக் கவிழ்த்தால் முன் இட்டது முன் வராது. பின் இட்டது பின் வராது. முறை தடுமாறி விழும். மடற்பனையோ கருக்கு மட்டைகளால் சூழப்பட்டது. அதில் ஏறிப் பறிப்பார் இல்லை. தானாகப் பழம் விழுந்தால் எடுக்கலாம். பருத்திக்குண்டிகையிலே பஞ்சை அடைப்பதும் அரிது, அடைத்த பஞ்சை வெளியே எடுப்பதும் அரிது. முடத்தெங்கு ஒருவன் நீர் வார்க்க வளர்ந்து, வளைந்து, அயலான் வளவிலே காயை உதிர்க்கும்.

இந்நான்கினுள் ஒன்றேனும் வெறுமையானதா? இல்லை. குடம் நிறைந்திருக்கின்றது; பனையும் தெங்கும் காய்க்கின்றன; குண்டிகையினுள்ளே பஞ்சு இருக்கின்றது. குறை இருப்பதிலன்று, கொடுப்பதிலே உள்ளது. புலமை வேறு, போதனை வேறு என்பதையும், முன்னையது நிறைந்த இடத்தே பின்னையது தானாக வந்து சேராது என்பதையும் நன்னூலார் பதின்மூன்றாம் நூற்றாண்டளவிலேயே தெளிவாக உணர்ந்திருந்தார்.

மலையகம் கற்ற பாடம்

ஆசிரியர் பயிற்சியின் அருமையை மலையகம் அதன் இன்மையினாலேயே கற்றது. 1907ஆம் ஆண்டுக் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்துச் சிறார்க்குத் தாய்மொழியிற் கல்வி வசதி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின்மீது சுமத்தியது. 1920ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டமும் அப்பொறுப்பை வற்புறுத்தியது. எனினும் ஒரு கொட்டகையும், எழுத்தறிந்த ஒருவரும் இருந்தால் அதுவே பாடசாலை எனக் கொள்ளப்பட்ட தோட்டங்கள் பல. ஐந்து வகுப்புகளையும் ஒருவரே நடத்தினார். அவரிடம் வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார்களேயன்றி, வாசிக்கக் கற்பிக்கத் தெரியுமா என்று எவரும் கேட்டிலர்.

1945ஆம் ஆண்டின் இலவசக் கல்வித் திட்டத்தின் பயன் தோட்டப் பாடசாலைகளை எட்டவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் அவை புறத்தே நின்றன. தோட்டங்கள் தேசியமயமான 1970களிலேதான் அவை படிப்படியாக அரசாங்கத்தின்கீழ் வரத் தொடங்கின. அதன் பின்னரே சுவீடன், ஜேர்மனி ஆகிய நாடுகளின் உதவியுடன் கட்டடங்களும் பயிற்சித் திட்டங்களும் எழுந்தன. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையும், 1990களின் தொடக்கத்திலே பத்தனையில் உருவாகிய ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் மலையகத்தின் இளைஞரை மலையகத்தின் ஆசிரியராக்கின. இன்று எமது பாடசாலைகளிலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளைகளின் பின்னே, அங்ஙனம் பயிற்சி பெற்ற ஆசிரியர் தலைமுறையொன்று நிற்கின்றது.

பயிற்சியோடு அங்கீகாரமும் சேர்ந்து வரல் வேண்டும் என்பது மலையகம் கற்ற மற்றொரு பாடம். அண்மையில், 2015ஆம் ஆண்டளவிலே, பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர் என்னும் பெயரிலே இளைஞர் பலர் நியமிக்கப்பட்டனர். தொடக்கத்திலே அவர்க்குக் கிடைத்த மாதப்படி 6,000 ரூபா. பின்னர் அது 10,000 ரூபாவாயிற்று. முழு ஆசிரியரின் வேலையைச் செய்து, பயிற்சியை முடித்து, ஆசிரியர் சேவையில் உள்வாங்கப்படும் நாளை அவர்கள் எதிர்பார்த்திருந்தனர். கற்பிக்கும் பணிக்குரிய மதிப்பைத் தாமதித்துக் கொடுத்தால், கற்பிப்போரின் உள்ளம் எவ்வாறு தளரும் என்பதை நம்முடன் பணிபுரிந்த இளைஞரின் முகத்திலே கண்டோம்.

எமது வகுப்பறையில் நிகழ்ந்தது

எமது அனுபவம் ஒன்றையும் கூறுதல் பொருந்தும். பயிற்சிக்கு முன்னர் ஏழாம் வகுப்பிலே வேற்றுமையைக் கற்பித்தோம். எட்டு வேற்றுமையையும் உருபுகளையும் கரும்பலகையில் எழுதி, ஒப்புவிக்கச் செய்து, பிழைத்தவரைக் கடிந்து, பாடம் முடிந்ததென நிறைவுற்றோம். பிள்ளைகள் ஒப்புவித்தனர். மறுவாரம் ஒரு வசனத்திலே வேற்றுமையைக் காட்டுமாறு கேட்டபோது வகுப்பு முழுவதும் மௌனமாயிற்று. பிள்ளைகளின் மந்தமே அதற்குக் காரணம் என்று நாம் கருதினோம்.

பின்னர் ஆசிரியர் கலாசாலையிலே கற்பித்தற் பயிற்சி பெறுங்காலத்தில், அதே பாடத்தை அதே முறையில் வேறொரு வகுப்பிலே நடத்தினோம். பின்வாங்கிலே அமர்ந்திருந்த விரிவுரையாளர் முடிவிலே ஒன்றைத்தான் கேட்டார். “நீங்கள் பாடத்தை முடித்துவிட்டீர்கள். பிள்ளைகள் எந்த இடத்தில் நின்றுவிட்டார்கள் என்பதைக் கவனித்தீர்களா?” எம்மால் விடை கூற முடியவில்லை.

மறுநாள் அவருடைய ஆலோசனைப்படி, பிள்ளைகளின் வீட்டிலிருந்தே பாடத்தைத் தொடங்கினோம். அம்மா மலைக்குப் போகிறார், கொழுந்தைப் பறிக்கிறார், கையால் பறிக்கிறார், கூடையில் இடுகிறார், மலையினின்று இறங்குகிறார், கங்காணியாரது கணக்கிலே நிறை பதியப்படுகிறது, பிள்ளை “அம்மா!” என்று கூப்பிடுகிறது. எட்டு வேற்றுமையும் ஒரு தாயின் ஒருநாள் வேலையினுள் அடங்கிவிட்டன. பிள்ளைகள் தாமாகவே வசனங்களைச் சொல்லத் தொடங்கினர். இலக்கணமும் மாறவில்லை, பிள்ளைகளின் இயல்பும் மாறவில்லை. மாறியவர் ஆசிரியர் ஒருவரே. அவர் மாறியதற்குக் காரணம், வேறொருவர் அவர் கற்பித்ததைப் பார்த்து உண்மையைச் சொன்னமையே.

பட்டம் ஒன்று, நியதி இரண்டு

இனிப் பல்கலைக்கழகத்துக்கு வருவோம். பட்டதாரியொருவர் பாடசாலையில் ஆசிரியராகச் சேர்ந்தால், பயிற்றப்பட்டவராகக் கருதப்படுவதற்குப் பட்டப்பின் கல்வி டிப்ளோமா பெறல் வேண்டும் என்பது வழக்கம். அவரோடு ஒரே வகுப்பிற் படித்து, அவரினும் உயர்ந்த சித்தியெய்திய நண்பர் பல்கலைக்கழகத்திலே விரிவுரையாளரானால், நீண்டகாலமாக அத்தகைய நிபந்தனை எதுவும் இருந்ததில்லை. ஆறாம் வகுப்பு மாணவர் நாற்பதின்மர் முன் நிற்பவர்க்குப் பயிற்சி வேண்டும். இளைஞர் இருநூற்றுவர் முன் நிற்பவர்க்கு அது வேண்டியதில்லை. வளர்ந்த மாணவர் தாமே கற்றுக்கொள்வர் என்பது இதற்குக் கூறப்பட்ட சமாதானம்.

அச்சமாதானத்தின் விலையை யார் கொடுத்தார்? எம்மிடம் படித்த மாணவர் ஒருவர், தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் சென்றவர், முதலாந்தவணை முடிவிலே எம்மைக் காண வந்தார். கையிலே தடித்த குறிப்புப் புத்தகம். “சேர், சொன்னதையெல்லாம் எழுதினேன். ஒன்றும் விளங்கவில்லை. தோட்டத்துக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கிறேன்” என்றார். விரிவுரையாளர் பெரும் புலமையாளர். ஆனால் ஆங்கிலத்திலே விரைவாகக் குறிப்பை வாசித்து, மணி அடித்தவுடன் வெளியேறுபவர். நகரத்துப் பிள்ளை வீட்டிலே கேட்டறிவான். தனியார் வகுப்புக்குச் செல்வான். கொழுந்து பறிக்கும் தாயின் மகன் யாரைக் கேட்பான்?

அம்மாணவரைத் தேற்றி அனுப்பினோம். அடுத்த ஆண்டிலே அவர் கூறியது வேறு செய்தி. வேறொரு விரிவுரையாளர், வயதில் இளையவர், கால்மணிக்கு ஒருதரம் விரிவுரையை நிறுத்தி ஒரு வினாவைக் கொடுத்து, அருகிருப்போரோடு உரையாடச் செய்வாராம். புதிய கலைச்சொற்களை முற்கூட்டியே எழுதித் தருவாராம். தமிழிலே வினவினாலும் ஏற்றுக்கொள்வாராம். நம் மாணவர் பட்டத்தோடு வெளியேறினார். அவரைக் காத்தது தரத்தைக் குறைத்தமையன்று. தரத்தை அடையும் படிகளைக் காட்டியமையே. பல்கலைக்கழகக் கற்பித்தல் சீர்ப்பட்டால் முதற்பயன் பெறுவோர் நம் பிள்ளைகளே.

பிறநாடுகளிலும் நம் நாட்டிலும்

இவ்வுண்மையை உலகம் அண்மைக் காலத்திலேதான் ஏற்கத் தொடங்கியது. அமெரிக்கக் கல்வியாளர் எர்ணஸ்ட் போயர் 1990இல் வெளியிட்ட அறிக்கையொன்றிலே, புலமை என்பது புதிய உண்மையைக் கண்டறிதல் மட்டுமன்று. கண்டவற்றை ஒருங்கிணைத்தல், பயன்படுத்தல், கற்பித்தல் ஆகியனவும் புலமையின் கூறுகளே என்று வாதித்தார். இங்கிலாந்திலே டியரிங் குழு 1997இல் அளித்த அறிக்கை, பல்கலைக்கழக ஆசிரியர்க்குப் பயிற்சியும், கற்பித்தலுக்கென ஒரு தொழிற்றகைமை நிறுவனமும் வேண்டுமென விதந்துரைத்தது. 1999இல் அத்தகைய நிறுவனமொன்று தோன்றியது. 2004இல் உயர்கல்விக் கழகம் அதன் இடத்தைப் பெற்றது. 2018இல் அதுவும் பிற அமைப்புக்களோடு இணைந்து ‘அட்வான்ஸ் எச்.ஈ.’ என்னும் பெயர் பெற்றது. கற்பித்தலுக்கான தொழின்மை நியமங்கள் 2006இல் வகுக்கப்பட்டு, 2011இலும் 2023இலும் திருத்தப்பட்டன. அந்நியமங்களின்படி தம் கற்பித்தலைச் சான்றுகளுடன் எடுத்துக்காட்டுவோர்க்கு இணை, முழு, முதுநிலை, தலைமை என்னும் நான்கு படிகளிலே ‘பெலோ’ என்ற தகுதி வழங்கப்படுகின்றது.

அண்டை நாடாகிய இந்தியா, 1986ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, பல்கலைக்கழகங்களிலே கல்விப் பணியாளர் கல்லூரிகளை நிறுவியது. அங்கு நடைபெற்ற அறிமுகப் பயிற்சிகளும் புத்தொளிப் பயிற்சிகளும் பதவியுயர்வோடு இணைக்கப்பட்டன.

நம் நாட்டிலே 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரியும், 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமும் தோன்றின. 1952இல் அது பேராதனைக்குக் குடிபெயர்ந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக விரிவுரையாளர்க்கு முறையான பயிற்சி இருந்ததில்லை. 1990களின் பிற்பகுதியிலிருந்து நிலைமை மாறலாயிற்று. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பதவியணி அபிவிருத்தி நிலையம் உயர்கல்விக் கற்பித்தற் சான்றிதழ் நெறியொன்றை அமைத்து, அதற்கு இங்கிலாந்தின் ‘சீடா’ என்னும் சங்கத்தின் ஏற்பையும் பெற்றது. பேராதனை முதலிய பிற பல்கலைக்கழகங்களிலும் அத்தகைய நிலையங்கள் எழுந்தன. தகுதிகாண் விரிவுரையாளர் தம் நியமனம் உறுதியாவதற்குக் கற்பித்தல் பற்றிய தொடக்கப் பயிற்சிநெறியொன்றை முடித்தல் வேண்டும் என்ற நியதியும் வந்தது.

பயிற்சியின் உட்கூறுகள்

இப்பயிற்சிகளிலே கற்பிக்கப்படுவது யாது? பாடத்தின் முடிவிலே மாணவர் எதனைச் செய்ய வல்லவராவர் என்று முதலிலேயே வரையறுத்தல். அதற்கேற்ப விரிவுரையையும் பரீட்சையையும் அமைத்தல். மாணவரைப் பேசவும் செய்யவும் வைத்தல். சக ஆசிரியர் வகுப்பிலமர்ந்து அவதானித்துக் கருத்துரைத்தல். மாணவரின் அபிப்பிராயத்தைக் கேட்டறிதல். இவை யாவற்றையும் பற்றிச் சிந்தித்து எழுதிய கோவையொன்றைத் தொகுத்தல். பின்வாங்கிலே அமர்ந்து எம்மைத் திருத்திய கலாசாலை விரிவுரையாளரின் பணியே, பல்கலைக்கழகத்திலே சக ஆசிரியரின் அவதானிப்பு என்னும் பெயர் பெறுகின்றது.

இவற்றை மேனாட்டுப் புதுமை என்று தள்ளுவோர் மீண்டும் நன்னூலைப் புரட்டுதல் நன்று. ஆசிரியர் கூறியதை நன்கு மனங்கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது புலமையின் காற்கூறே என்றும், உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்கூறு சேரும் என்றும், தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைப்பதால் எஞ்சிய இரு காற்கூறும் நிறையும் என்றும் அந்நூல் கணக்கிடுகின்றது. வெறும் விரிவுரையோடு நிற்பவர் காற்கூறை மட்டும் கொடுத்து, முழுமைக்கும் பரீட்சை வைக்கின்றார். மாணவர் தம்முள் உரையாடவும், ஒருவர்க்கொருவர் விளக்கவும் வழிசெய்பவரே மற்றை முக்காற்கூறுக்கும் வாயில் திறக்கின்றார். மேலும், பாடஞ் சொல்லும் முறையை விதிக்கையிலே, இடமும் காலமும் அறிந்து, விரையாது, வெகுளாது, முகமலர்ந்து, கேட்போனின் கொள்ளும் ஆற்றலை உணர்ந்து கற்பிக்க வேண்டும் என்று நன்னூலார் வற்புறுத்துகின்றார்.

ஐயங்களும் விடைகளும்

இது குறித்து மூன்று ஐயங்கள் எழுதல் கூடும். கற்பித்தல் பிறவிக் கொடை; பயிற்சியால் வருவதன்று என்பது முதலாவது. பிறவியிலேயே குரல்வளம் உடையோர் உளர். அவரும் இசையைப் பயின்றே பாடகராகின்றனர். கொடை இல்லாதாரைப் பயிற்சி மேதையாக்காது. ஆனால் பருத்திக்குண்டிகையாக இராமற் காக்கும். எமது வேற்றுமைப் பாடமே அதற்குச் சான்று.

ஆய்வுக்குரிய காலத்தைப் பயிற்சி விழுங்கிவிடும் என்பது இரண்டாவது. இதில் உண்மை சிறிது உண்டு. விரிவுரையாளரின் பதவியுயர்வுக்குக் கற்பித்தல், ஆய்வு, பல்கலைக்கழகத்துக்கும் நாட்டுக்கும் ஆற்றிய பணி ஆகியன எண்ணப்படினும், அச்சேறிய ஆய்வுக் கட்டுரையை எண்ணுவது எளிது. தேறிய மாணவரின் தெளிவை எண்ணுவது அரிது. எளிதில் எண்ணத்தக்கதே மேலோங்கும். ஆதலினாலேதான் கற்பித்தலுக்குத் தனியான அங்கீகாரம் வேண்டும் என்கின்றோம். மதிப்பளிக்கப்படாத பணிக்கு நேரம் ஒதுக்குமாறு எவரையும் வற்புறுத்தல் முறையன்று.

சான்றிதழ் வெறுங் கடதாசியாகிவிடும் என்பது மூன்றாவது. இதுவே வலிய ஐயம். எமது ஆசிரியத் தொழிலிலும் கண்ட குறை. சான்றிதழைப் பெற்ற அன்றே கற்பதை நிறுத்தியோர் உளர். பயிற்சிக் குறிப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பழைய பிரம்பை எடுத்தோரும் உளர். இதற்குப் பரிகாரம் சான்றிதழை ஒழிப்பதன்று. அதை வகுப்பறையோடு கட்டிவைப்பதே. அங்கீகாரம் இருந்த இருக்கையின் ஆண்டுக் கணக்கைப் பார்த்து வராமல், நடத்திய பாடத்தைப் பார்த்து வருதல் வேண்டும். ஒருமுறை தந்து முடியாமல், சில ஆண்டுகளுக்கொருமுறை புதுப்பிக்கப்படுதல் வேண்டும். நிறைகோல் என்று நன்னூலார் ஆசிரியரைக் கூறினார். அந்நிறைகோலும் இடையிடையே சரிபார்க்கப்படவேண்டியதே. தோட்டத்திலே கொழுந்து நிறுக்கும் தராசு பிழைத்தால் யாருடைய கூலி குறையும் என்பதை நம் பிள்ளைகள் நன்கறிவர். ஆசிரியர் என்னும் தராசு பிழைப்பினும் குறைவது எளியவரின் பங்கே.

முடிவுரை

விரிவுரையாளராய் விளங்கும் பழைய மாணவர்களே, பயிற்சிக்குச் செல்லுதலை உங்கள் கலாநிதிப் பட்டத்துக்கு நேர்ந்த குறைவென எண்ணவேண்டாம். தோட்டப் பாடசாலையிலே உங்களுக்கு அகரம் கற்பித்த ஆசிரியர் அதனை எண்ணாது சென்றமையாலேதான் நீங்கள் அவ்விடத்தை எய்தினீர்கள். உங்கள் முதலாண்டு விரிவுரையிலே பின்வரிசையில் மௌனமாக எழுதிக்கொண்டிருக்கும் மலையகத்துப் பிள்ளையைத் தேடிப் பாருங்கள். அவர் எந்த இடத்தில் நின்றுவிட்டார் என்று கேளுங்கள்.

மாணவர்களே, நீங்கள் ஆசிரியரின் உரையோடு நில்லாது, ஒருவர்க்கொருவர் கற்பித்துப் பழகுங்கள். முக்காற்கூறு உங்கள் கையிலேயே உள்ளது. உடனாசிரியர்களே, நமது வகுப்பறைக் கதவையும் ஒருவர்க்கொருவர் திறந்து வைப்போமாக. மலையைப்போல் உயர்ந்து, கோடையிலும் வற்றாது ஊற்றெடுத்து வழங்குவோரே ஆசிரியர் என்னும் உவமைக்கு, மலையிலேயே பிறந்து வளர்ந்த நம்மினும் உரியவர் யாவர்?